மஞ்சள் பெல்ட்டும் கடைசி டோக்கனும்

இந்த வீட்டில் இனி நான் வைத்ததுதான் சட்டம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். என் மனைவி அப்போது கடைக்குப் போயிருந்தாள். தைரியமான முடிவுகளை எல்லாம் நான் அவள் வெளியே போயிருக்கும்போதுதான் எடுப்பது வழக்கம்.

முடிவெடுத்த கையோடு ஒரு வேன் வந்து, ஆளுயர மெஷின் ஒன்றைக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனது. என் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில் நின்ற வீடியோ கேம். கராத்தே சண்டை. பெயர் எழுதிய பலகை அப்போதே உரிந்துவிட்டதால் அதன் நிஜப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் 'மஞ்சள் பெல்ட்' என்போம். மஞ்சள் பெல்ட்காரன் ஒவ்வொருவனாக அடித்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு மொட்டைத் தடியனிடம் மாட்டிக்கொள்வான். தடியனுக்குப் பின்னால் பெரிய கதவு இருக்கும். அது திறந்தால் என்ன வரும்? எங்கள் வகுப்பில் அதைப் பார்த்தவன் கிடையாது. நான் தடியன் வரை போயிருக்கிறேன். தாண்டியதில்லை.

கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணைச் சோதித்தே எனக்கு வயதாகிவிட்டது. என் கண் ஆசைப்பட்டது அந்த ஒரு கதவைத்தான்.

அந்த கேம் கடையை மூடிய முதலாளி, மெஷினோடு ஒரு பை டோக்கனும் கொடுத்தார். டோக்கன் விழும் பெட்டியின் சாவி மட்டும் தொலைந்துவிட்டதாம். உள்ளே போனது போனதுதான்.

மனைவி வந்தாள். மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"நண்பரோடது. வீடு மாத்தறார். கொஞ்ச நாள் நம்மகிட்ட இருக்கட்டும்னு..."

"அவரோட கட்டில், பீரோ எல்லாம்?"

"அதை அவரே எடுத்துக்கிட்டுப் போயிட்டார்."

"இதை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனார்?"

"அவர் மனைவி திட்டுவாங்களாம்."

"நல்ல பொம்பளையா இருக்காங்க," என்றாள். "ஒரு நாள் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

சில நாள் ராஜ வாழ்க்கை. அப்புறம் ஒரு நாள் டோக்கன் பையைக் காணவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். என் மனைவி ஆஸ்பத்திரி வரவேற்பில் டோக்கன் கொடுப்பவள். "அவசரம்மா" என்று முண்டியடித்து வந்தவர்கள் அவளிடம் பேசி முடித்ததும், தாமாகவே வரிசையின் கடைசியில் போய் நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவள் இருக்கும் வீட்டில் நான் டோக்கனைச் சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

"சாக்ஸ் ஏன் இவ்வளவு கனமா இருக்குன்னு பார்த்தேங்க."

"அது நண்பரோட டோக்கன்."

"தெரியும். அவர் கேட்டா நான் கொடுத்துக்கறேன். உங்களுக்கு வேணும்னாலும் கேளுங்க. சும்மா கேக்காதீங்க."

பாத்திரம் கழுவினால் ஒன்று. துணி மடித்தால் ஒன்று. வீடு பளபளத்தது. பக்கத்து வீட்டு அம்மாள் "உங்க வீட்டுக்காரர் தங்கம்" என்றார். அன்றோடு அவர் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பை கரைந்துகொண்டே வந்தது. தடியன் மட்டும் கரையவில்லை.

போன விடுமுறை நாளில் அவனைச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்தேன். இன்னும் ரெண்டு அடி. அவன் முந்திக்கொண்டான். மஞ்சள் பெல்ட் மல்லாந்தான். 'தொடரலாமா?' என்று திரையில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. ஒன்பது. எட்டு.

"டோக்கன் குடு, சீக்கிரம்."

"இதான் கடைசி," என்றாள். "பரண்?"

"ஆடி முடிச்சதும் சுத்தம் பண்றேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க. ஏணியில ஏறுங்க, போடறேன்."

"நான் ஏறிட்டா யார் ஆடறது?"

"அடி வாங்காம நான் பிடிச்சு வெக்கறேன். நீங்க தூசியைத் தட்டிட்டு வாங்க."

நாலு. மூணு. ஏறினேன். டோக்கன் விழும் சத்தம் கேட்டது.

துடைப்பத்தால் பாதிப் பரணைத்தான் கூட்டியிருப்பேன். கீழேயிருந்து இசை வந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத இசை. எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் திரையில் மறுபடியும் 'டோக்கன் போடவும்'.

"என்ன ஆச்சு?"

"விழுந்துட்டான்."

"எப்படி?"

"குனிஞ்சு உக்காந்துக்கிட்டு காலையே உதைச்சேன். அவனுக்குக் குனியவே தெரியலைங்க, பாவம்."

விடாமல் காலையே உதைப்பவனை அந்தக் காலத்தில் எதிர்க்கடையில் 'துடைப்பம்' என்று கேலி செய்து வெளியே அனுப்பிவிடுவோம். சொல்ல வாயெடுத்தேன். துடைப்பம் என் கையில் இருந்தது.

"கதவு திறந்துச்சா?" என்றேன். அவள் என் தலையில் இருந்த ஒட்டடையை எடுத்துவிட்டாள்.

"திறந்துச்சு. நல்லா இருந்துச்சுங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"உள்ள என்ன?"

"மீதிப் பரணை முடிச்சிட்டு வாங்க. சொல்றேன்."

பரண் முடிந்தது. உள்ளே ஒரு தோட்டமாம். நேற்று ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். தோட்டத்தில் யாரோ காத்திருக்கிறார்களாம். அது மஞ்சள் பெல்ட்டின் அம்மாவா, காதலியா என்பது குளியலறைத் தரையைப் பொறுத்தது.