டேபிள் மாமாவின் கோணல் மேஜைகள்

தில்லியில் இருக்கும் மேஜைகளில் ஒன்றுகூட நேரானதில்லை என்று கண்டுபிடித்த ஒரே மனிதர் எங்கள் டேபிள் மாமாதான். பாங்க் கவுண்டர், கல்யாணப் பந்தி மேஜை, மெட்ரோ டிக்கெட் ஜன்னல், இஸ்திரிக்காரரின் பலகை, எதையும் விட்டுவைக்கவில்லை. வலது உள்ளங்கையைப் பொத்தென்று வைப்பார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "டேடா ஹை! கோணல்!" என்று இரண்டு பாஷையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

மயூர் விஹாரில் எங்களுக்கு நேர் கீழ் ஃப்ளாட். சென்ட்ரல் கவர்ன்மென்டில் செக்ஷன் ஆபீசராக ரிடையர் ஆனவர். அவருடைய வலது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடங்க ஆரம்பித்தன. டாக்டர் அதற்கு டுப்யூட்ரென் வியாதி என்று பெயர் சொன்னார். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வு கயிறு மாதிரி தடித்து விரலை இழுக்கிறதாம். வலியும் இல்லை, அவசரமும் இல்லை. கையை மேஜைமேல் வைத்துப் பாருங்கள், என்றைக்குத் தட்டையாகப் படியவில்லையோ அன்றைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் காலை, வீட்டு டைனிங் டேபிளில் கை படியவில்லை. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். மாமா தச்சரைக் கூப்பிட்டார்.

தச்சர் மேஜைமேல் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்தார். அதன் குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. "பாபுஜி, டேபிள் டீக் ஹை. ஆப்கா ஹாத் டேடா ஹை" என்றார். மேஜை சரி, உங்கள் கைதான் கோணல்.

"கையப் பத்தி உன்னை யாருய்யா கேட்டா?" மாமாவுக்குக் கோபம் வந்தால் தமிழ்தான். ஆனால் அந்த ரசமட்டத்தை அவரிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேராக மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு கல்யாணப் பத்திரிகையை எட்டாக மடித்து எங்கள் டைனிங் டேபிளின் ஒரு காலுக்கு அடியில் சொருகினார். "இப்ப பாருடா, பாதி சரியாயிடுத்து!" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரசம் சிந்தினால் அது நேராக என் மடிக்குத்தான் வரும்.

அடுத்து, பேன்ட் பாக்கெட்டில் விட்ட கை வெளியே வராமல் மெட்ரோ செக்யூரிட்டியில் மாட்டிக்கொண்டார். "ஹாத் பாஹர்!" என்று காவலர் கத்த, மாமா இழுக்க, பாக்கெட்டோடு தையலும் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனார். திரும்பி வந்ததும் ஒரு ஃபைல் திறந்தார்.

நிஜமாகவே ஃபைல்தான். பச்சை நோட் ஷீட், டேக், எல்லாம் உண்டு. டாக்டர் சொன்ன மூன்று வழிகளையும் அதில் வரிசையாக எழுதினார். ஒன்று, ஊசியால் அந்தக் கயிற்றை அங்கங்கே அறுப்பது. சீக்கிரம் முடியும், சீக்கிரம் திரும்பியும் வரலாம். இரண்டு, ஆபரேஷன், ஆற நாளாகும், பலன் அதிக நாள் நிற்கும். மூன்று, சும்மா இருப்பது. "கருத்து கோரப்படுகிறது" என்று எழுதி எங்கள் பிளாக்கில் நாலு வீட்டுக்குச் சுற்றுக்கு விட்டார். நாலு பேரும் சர்க்கார் உத்தியோகம். நான் "பேசவும்" என்று எழுதினேன். ஒருவர் "முன்னுதாரணம் உண்டா?" என்றார். இன்னொருவர் "பார்த்தேன்" என்று மட்டும் எழுதி இனிஷியல் போட்டார். நாலாமவர் ஃபைலோடு லீவில் போய்விட்டார். விரல் மடங்கிக்கொண்டே போனது. மாமாவுக்குப் பரம சந்தோஷம். "ஃபைல் மூவ் ஆயிண்டிருக்குடா!"

ஒரு நாள் மாடிப்படியில் பிடித்துக் கேட்டேன். "மாமா, ஏன் இப்படி இழுத்தடிக்கிறேள்?"

குரல் இறங்கிவிட்டது. "பயமா இருக்குடா. கத்தி வெச்சு, விரல் மரத்துப் போயிடுத்துன்னா?"

அந்தச் சனிக்கிழமை சொசைட்டி ஹாலில் பஜனை. மாமி பாடினால் மாமாதான் தாளம். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையைப் பார்த்துத்தான் அவள் பாடுவாள். ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று எண்ண வேண்டும். எண்ண வேண்டிய இரண்டு விரல் முன்கூட்டியே மடங்கிக் கிடந்தால் என்னத்தை எண்ணுவது? மாமி இரண்டாவது வரியிலேயே தடுமாறி நிறுத்திவிட்டாள். மாமா அந்தக் கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்க்கவே தாங்கவில்லை.

மறுநாள் காலை மாமி லீவில் போன அந்த நாலாமவரிடமிருந்து ஃபைலை மீட்டு வந்தாள். எந்த ஆபீஸ் படியும் ஏறாதவள், எங்கள் எல்லோருடைய கருத்துகளுக்கும் குறுக்கே சிவப்பு மையில் எழுதினாள்: "ஆபரேஷன். இந்த வாரமே. இவர் தாளம் போடாமல் நான் பாடுவதாக இல்லை."

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "தேதி போடலியே?"

"ஆஸ்பத்திரில கேட்டுப் போடறேன். நீங்க செருப்ப மாட்டிக்கோங்கோ."

ஆபரேஷன் நடந்தது. கட்டு, ராத்திரியில் விரலை நிமிர்த்தி வைக்க ஒரு பட்டை, தினமும் பயிற்சி, அதற்குத் தமிழில் வசவு. சுண்டுவிரல் இன்னும் முழுசாக நிமிரவில்லை. வியாதி திரும்ப வரலாம் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் தாளத்துக்கு விரல் எழுந்து மடங்குகிறது. மாமி பாடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி வந்து எங்கள் டைனிங் டேபிளில் கையை வைத்தார். ஏறக்குறையப் படிந்துவிட்டது. அப்புறம் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்கு ஓடியது.

"பாத்தியா! என் கை சரி. உன் டேபிள்தாண்டா டேடா! அந்தப் பத்திரிகையை எடுத்துடு!"

நான் எடுக்கவில்லை. ரசம் மடியில் கொட்டினால் கொட்டட்டும். மேஜை கோணலாக இருக்கிறவரைக்கும் மாமா வாராவாரம் மாடி ஏறி வருவார்.