ஆசிலேட்டரின் இடது கால்

அந்தக் காலத்துத் தர்மபுரி மாவட்டத்தில் கரண்ட் நிற்கும், பஸ் நிற்கும், குழாயில் தண்ணீர் நிற்கும். நிற்காமல் ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஆசிலேட்டரின் இடது கால்.

அவனுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அட்டெண்டன்ஸில் அதைக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான், பக்கத்தில் இருப்பவன் விலாவில் இடிக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் நாங்கள் எலெக்ட்ரானிக்ஸ் சேர்ந்த முதல் வாரமே, ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிற சர்க்யூட்டுக்கு ஆசிலேட்டர் என்று பெயர் என்று சார் பாடம் நடத்தினார். வகுப்பே திரும்பி இவன் காலைப் பார்த்தது. அதோடு பெயர் சூட்டு விழா முடிந்தது.

அவன் உட்கார்ந்தால் பெஞ்சே நடுங்கும். கிறுக்கலான விடைத்தாளைக் கண்டால் "இவன் ஆசிலேட்டர் பெஞ்சா?" என்று சார் விசாரிப்பார். மெஸ்ஸில் அவன் எதிரே உட்கார்ந்தவனுக்கு ரசம் தட்டைவிட்டு இறங்கி மடிக்கு வந்துவிடும். "காலாட்டாதடா, குடும்பத்துக்கு ஆவாது" என்று மெஸ் மாஸ்டர் கரண்டியும் கையுமாகக் கத்துவார். "நான் எங்க மாஸ்டர் ஆட்டறேன்? அதுவா ஆடுது" என்பான் நம்மாள், ஏதோ அடுத்த வீட்டுக் காலைப் பற்றிப் பேசுவதுபோல.

ஊர் கம்பைநல்லூர். அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே மெத்தைக் கடை. நரம்பு கட்டிய பெரிய வில்லை மாட்டி, அந்த நரம்பு அதிர அதிரப் பஞ்சடித்து, தைத்து, நாடா வைத்து முடித்தால் மாப்பிள்ளை வீட்டார் மறுபேச்சு பேசமாட்டார்கள். அவர் தன் கையால் தைத்துக் கொடுத்த மெத்தைதான் எங்கள் ஹாஸ்டலிலேயே உசத்தி. நாங்கள் எல்லாம் பாயில் புரண்டுகொண்டிருந்தபோது ஆசிலேட்டர் மட்டும் ஜமீன்தாராகப் படுத்திருப்பான். அதில் உட்கார அடிதடி நடக்கும். உட்கார்ந்தால் ஆடும், அது வேறு விஷயம்.

படிப்பில் அவன் மோசமில்லை. எழுத்துப் பரீட்சையில் தப்பித்துவிடுவான். ப்ராக்டிகல்தான் அவனுக்கு எமன். சர்க்யூட்டை வரிசையாக இணைத்து முடிப்பான். எக்ஸாமினர் பக்கத்தில் வருவார். பயத்தில் கால் வேகமெடுக்கும், மேஜை ஆடும், ஏதாவது ஒரு வயர் பிடுங்கிக்கொள்ளும், சர்க்யூட் உயிரை விடும். இப்படியே அந்த ஒரு பேப்பர் அரியராகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் அத்தா ஹாஸ்டலுக்கே வந்து எங்கள் முன்னால் தீர்ப்புச் சொன்னார்.

"இந்தத் தடவையும் தேறலன்னா நானே வந்து மெத்தையச் சுருட்டிருவேன். வூட்டுக்கு வந்து கடையில ஒக்காரு. பஞ்சு யாரையும் ஃபெயில் பண்ணாது."

கோபமாகச் சொல்லவில்லை, மெத்தையின் தையலை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் ஆசிலேட்டர் சோறு தண்ணியில்லாமல் யோசித்தான். ஒரு காலையில் சட்டினியைத் தொடாமல் இட்லியைக் கையில் பிடித்தபடி கேட்டான்: "வயரே இல்லாத சர்க்யூட்டு ஒண்ணு பண்ணிட்டா? நான் ஆடினாலும் பிடுங்கிக்காது இல்ல?"

"மொதல்ல இட்லியத் தின்னுடா" என்றேன்.

அவன் சொன்னது கம்ப்யூட்டரை. எங்கள் பாலிடெக்னிக்குக்கு அப்போதுதான் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதன் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. மானிட்டருக்குக் குங்குமப் பொட்டு, மேலே சிவப்பு வெல்வெட் துணி. ஏ.சி. இருந்த ஒரே அறை என்பதால் பிரின்சிபாலைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் அங்கே உட்கார்ந்துதான் காபி குடிப்பார்கள். அவர்கள் குடித்துவிட்டுப் போன மிச்ச நேரம் மாணவர்களுக்கு. எழுதுகிற ப்ரோகிராமைப் பாட்டுக் கேட்கிற சாதாரணக் கேசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும்.

ஆசிலேட்டரின் திட்டம் இது. திரையில் நான்கு பெட்டிகள். ஒன்றிலிருந்து அலை கிளம்பும், ஒன்று அதைப் பெரிதாக்கும், ஒன்று அதில் கலந்த இரைச்சலை வடிகட்டும், கடைசிப் பெட்டியில் அலை படமாகத் தெரியும். பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தால் போதும், நிஜ சர்க்யூட் மாதிரியே வேலை செய்ய வேண்டும். துறைத்தலைவரும் "எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகச் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் கிடைக்கிற நேரமோ கொஞ்சம். ஒத்திகை எங்கே பார்ப்பது? ஹாஸ்டல் வராந்தாவில் பார்த்தான், எங்களை வைத்து.

அத்தா கடையிலிருந்து ஒரு பந்து மெத்தை நாடாவைச் சுட்டுக்கொண்டு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து நாடா முனையை இடது கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டான். அலை கிளம்புகிற இடம் அது. பிறவியிலேயே தொண்டை பெரிது என்பதால் நான் ஆம்ப்ளிஃபயர். என் கைக்கு வருகிற நாடா எவ்வளவு ஏறுகிறதோ, அடுத்த நாடாவை நான் இரண்டு மடங்கு ஏற்ற வேண்டும். ஓசூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவான். அவனுக்கு வேறு என்ன வேலை கொடுக்க முடியும்? இரைச்சல். நடுவில் நின்று நாடாவைச் சும்மா நடுக்கிக்கொண்டே இருப்பான்.

ஃபில்டராக நின்றவன் சித்தேரி மலையிலிருந்து வந்தவன். வகுப்புத் தோழர்களான எங்களையே வாங்க போங்க என்று கூப்பிடுகிற சாது. நாடாவை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, சில்லறை நடுக்கத்தையெல்லாம் விழுங்கிவிட்டு நிதானமான ஆட்டத்தை மட்டும் மறுபக்கம் விடுவான். அவன் குணமே அதுதான். கடைசியில் மெஸ் மாஸ்டர். நாடா முனையையும் ஒரு அடுப்புக் கரியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடப்பார். நாடா ஏறி இறங்க, கரி சுவரில் அலை அலையாக வரைந்துகொண்டே போகும்.

புதுசாக வெள்ளையடித்த சுவர். வார்டன் வந்து பார்த்தார்.

"என்னாடா இது, சுவத்துல பாம்பு?"

"பாம்பு இல்லீங்க சார், சைன் வேவ்."

"எதுவா இருந்தா என்னா, விஷம்தான். அழிங்கடா."

அழித்தோம். மறுநாள் மறுபடி வரைந்தோம். சுண்ணாம்பு வாளியும் கையுமாக நாங்கள் நின்றபோதும் ஆசிலேட்டர் விடவில்லை. "ஃபில்டரு, உன் வேலை என்னா?" என்று அதட்டுவான். "முன்ன வந்ததையும் இப்ப வந்ததையும் கூட்டிப் பாதியாக்கி அனுப்பறதுங்க" என்று சித்தேரிக்காரன் ஒப்பிப்பான். குளிக்கப் போகிற வழியில்கூட ஆசிலேட்டர் எங்களை நிறுத்திக் கேட்பான். அப்புறம் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடி, அன்றைக்கு நாங்கள் செய்ததை அப்படியே வரி வரியாக அடிப்பான். ஒரு நாள் திரையில் நான்கு பெட்டியும் கோட்டால் இணைந்து, பச்சை நிறத்தில் அலை ஒன்று நெளிந்து ஓடியது. "டேய், ஓடுதுடா! வயரே இல்லாம ஓடுதுடா!" என்று ஏ.சி. அறையிலிருந்து கத்தினான். காபி குடித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர் டம்ளரைப் போட்டுவிட்டார்.

ப்ரோகிராமைக் கேசட்டில் பதிந்தாயிற்று. பரீட்சைக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. லேபில் மீட்டர், ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைத்தார்கள். ஆசிலேட்டர் சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டினான்.

"இதுக்கும் ஒண்ணு வெச்சுருங்கண்ணே. நல்லா குளுகுளுன்னு வைங்க."

அட்டெண்டர் அண்ணன் பாசக்காரர். இந்தப் பையன் தேறட்டும் என்று சந்தனத்தைக் குழைத்து, கேசட்டின் இரண்டு ஓட்டையிலும் கண் திறக்கிற மாதிரி பட்டையாக அப்பினார். நடுவிலே குங்குமம். நாங்களும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நான்கு எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் நின்றிருந்தோம், ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

பரீட்சை அன்று சேலத்திலிருந்து எக்ஸ்டர்னல் வந்தார். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற ரகம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து "காட்டு" என்றார். ஆசிலேட்டர் கேசட்டைப் போட்டு பட்டனை அமுக்கினான். காய்ந்துபோன சந்தனம் உள்ளே நறநறவென்று அரைபட்டது. டேப் சிக்கி, சுருண்டு, கமகமவென்று வாசனையோடு வெளியே வந்தது. திரையில் ஒன்றுமில்லை.

"என்ன மேன் இது, ஊதுவத்தியா?" என்றார் எக்ஸ்டர்னல்.

வராந்தா ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசிலேட்டரின் கால் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அது நின்று பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எக்ஸ்டர்னல் பேனாவைத் திறந்தார். ஆசிலேட்டர் ஜன்னலில் எங்கள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சார், ப்ரோகிராமு கேசட்ல மட்டும் இல்லீங்க. வெளிய நிக்குதுங்க."

"எது?"

"இவனுங்கதாங்க."

மனிதர் பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். துறைத்தலைவர் தொண்டையைக் கனைத்து, "கொஞ்சம் பாத்துருங்க சார், ரொம்ப கஷ்டப்பட்டிருக்கான்" என்றார். ஹாஸ்டலுக்கு ஓடி நாடாவையும் கரியையும், கூடவே மெஸ் மாஸ்டரையும் இழுத்து வந்து வரிசையில் நின்றோம். ஆசிலேட்டர் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து முனையைக் கட்டைவிரலில் கட்டிக்கொண்டான். நாடா வாசல் வழியாக வராந்தாவுக்கு வந்தது. எல்லாம் தயார். கால்தான் ஆடவில்லை. பயத்தில் மரக்கட்டையாகக் கிடந்தது.

"சிக்னல் எங்கய்யா?" என்றார் எக்ஸ்டர்னல்.

அப்போதுதான் வாயே திறக்காத சித்தேரிக்காரன் ஹாஸ்டல் பக்கம் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தான். "ஏங்க, உங்க அத்தா வந்துட்டாருங்க. மெத்தையச் சுருட்டறாருங்க!"

அடேயப்பா! ஒரு உதறல் உதறியது பாருங்கள் அந்தக் கால்! நாடா துள்ளியது. நான் இரண்டு மடங்காகத் தூக்கினேன். ஓசூர்க்காரன் நடுக்க, சித்தேரிக்காரன் விழுங்க, மாஸ்டர் கரியோடு சுவரோரம் ஓட்டமும் நடையுமாகப் போனார். வெள்ளைச் சுவரில் அழகான அலை. எக்ஸ்டர்னல் வாசலுக்கு வந்து, "ஃபில்டரை எடு" என்றார். சித்தேரிக்காரன் கையை விட்டான். அலை பூராவும் முள்ளு முள்ளாக வந்தது. "கெயினைக் குறை." தூக்குவதைக் குறைத்தேன், அலை குள்ளமானது. மனிதர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் செருப்பில்லாத அவர் கால் கட்டைவிரல் லேசாக ஆடியதை நான் பார்த்தேன்.

"சரி, இது நாடா. பரீட்சை கம்ப்யூட்டர்ல. நேரம் இருக்கு, இதையே திரும்ப அடி."

ஆசிலேட்டர் கீபோர்டுப் பக்கம் திரும்பினான். கால் ஆடிக்கொண்டே இருந்தது. "ஆம்ப்ளிஃபயரு, உன் வேலை என்னா?" என்று கத்தினான். "வர்றத ரெண்டால பெருக்கி அனுப்பறது!" என்று அடுத்த ஊருக்குக் கேட்கிற மாதிரி நான் கத்தினேன். ஒரு வரி அடித்தான். "ஃபில்டரு?" "முன்ன வந்ததையும் இப்ப வந்ததையும் கூட்டிப் பாதியாக்கி அனுப்பறதுங்க!" இன்னொரு வரி. எந்த ஊர் எக்ஸ்டர்னலும் இப்படியொரு பரீட்சையைப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் அவர் தடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நேரம் முடிகிற சமயத்தில் திரையில் பெட்டிகள் வந்தன. கோணல்மாணலான பெட்டிகள்தான். நடுவே பச்சை அலை நெளிந்து ஓடியது. மேஜை தடதடவென்று ஆடியது. ஒரு வயரும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

எக்ஸ்டர்னல் மார்க் போட்டுக் கையெழுத்திட்டார். எழுந்தவர், "தேறிட்ட. இனிமே கேசட்டுக்குப் பொட்டு வைக்காத" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

சித்தேரிக்காரன் சொன்னது நிஜம்தான். கக்கத்தில் சுருட்டிய மெத்தையோடு அத்தா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. திரையைப் பார்த்தார். "நம்ம வில்லு நரம்பு ஆடறாப்புலயே இருக்கேடா" என்றார். மகன் கட்டைவிரலைப் பார்த்தார். "அது நம்ம கடை நாடாதான?"

"ஆமாங்கத்தா."

மெத்தையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். திரும்பி ஹாஸ்டலுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். கட்டிலில் மெத்தையைப் பிரித்துப் போட்டு, நான்கு மூலையும் இழுத்து விட்டு, பஞ்சு சமமாகும்வரை இரண்டு கையாலும் தட்டிக்கொடுத்தார். "நல்லா படு" என்று மட்டும் சொன்னார். ஆசிலேட்டர் குப்புற விழுந்து விசும்பி விசும்பி அழுதான். கட்டில் ஆடியது.

அவன் பிறகு வடக்கே வேலைக்குப் போனான், ஊர் ஊராக மாறினான். எப்போதாவது போன் வரும். "என்னாடா ஆம்ப்ளிஃபயரு" என்பான். அவன் பக்கம் ஏதோ தடதடவென்று கேட்கும், எனக்கு நிம்மதியாக இருக்கும். என் வீட்டில் இப்போது மகள் காலாட்டிக்கொண்டே படிக்கிறாள். குடும்பத்துக்கு ஆகாது என்று என் மனைவி திட்டுகிறாள். நான் மட்டும் சொல்வேன்: "வுடு, ஆட்டட்டும். அது நின்னாத்தான் எனக்குப் பயமா இருக்கும்."