மத்திகிரிப் புகையும் ஃபகருன்னிசாவின் அடுப்பும்

பூமி உருண்டை இன்று அடுப்புக்கல்லாகச் சிவந்துபோகாமல் இருக்கிறதென்றால், அதற்கு 1992-இல் மத்திகிரியில் உதயமான ‘புவி வெப்பத் தணிப்புச் சங்கம்’தான் காரணம். இது தற்புகழ்ச்சி அல்ல. நான் அதன் செயலாளர் மட்டுமே.

தலைவர் திம்மப்பன், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். உலகத் தலைவர்கள் எங்கோ கூடிப் பூமிக்காகக் கவலைப்பட்டதைக் காலைப் பேப்பரில் படித்தார். மாலையே நாங்களும் கூடிக் கவலைப்படத் தொடங்கினோம். கூடிய இடம் பக்கத்து வார்ப்படத் தொழிற்சாலையின் விருந்தினர் அறை. ஃபேன், நாற்காலி, பேனர் எல்லாம் தொழிற்சாலையின் ‘அன்பளிப்பு’.

“ஊர்ல புகை ஜாஸ்தி ஆயிடுச்சு. எங்கருந்து வருதுன்னு கண்டுபுடிக்கணும்” என்றார் திம்மப்பன்.

அப்போது ஜன்னல் வழியே கரும்புகை உள்ளே வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு யோசித்தோம்.

“இந்தக் கம்பெனிப் புகைபோக்கியா இருக்குமோ?” என்று ஓர் உறுப்பினர் இருமிக்கொண்டே கேட்டார்.

“பேரே புகைபோக்கி சார். புகையைப் போக்கறது. அது நம்ம கட்சி” என்றார் தொழிற்சாலை மேனேஜர்.

அவருடைய தமிழறிவு எங்களை நெகிழவைத்தது.

ஆகவே விசாரணை, பஸ் ஸ்டாப்பில் விறகடுப்பு வைத்து போண்டா போடும் ஃபகருன்னிசாவிடம் போய் நின்றது. அவருடைய அடுப்பில் புகைபோக்கியே இல்லை. குற்றம் ருசுவாயிற்று. அடுப்பை அகற்றும் தீர்மானத்தை நானே உரக்கப் படித்துக் காட்டினேன்.

“என்னா சார், உங்க கூட்டத்துக்கு போண்டா குடுத்ததே நாந்தானே?”

“போண்டாவைப் பாராட்டியிருக்கோம்மா. அடுப்பைத்தான் கண்டிச்சிருக்கோம்.”

“ரெண்டு பொண்ணுங்கள இந்த அடுப்ப வெச்சிதான் படிக்க வெக்கிறேன். எங்க எடுத்துனு போவேன்?”

“புகை தெரியாத எடமாப் பாரும்மா” என்றார் திம்மப்பன், கருணையோடு.

ஃபகருன்னிசா அப்படியே செய்தார். மறுநாள் அடுப்பு தொழிற்சாலை வாசலில், புகைபோக்கிக்கு நேர் கீழே எரிந்தது.

“இப்ப எம்புகை எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்!” என்றார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் மொய்த்ததில் வியாபாரம் முன்னைவிட ஓகோவென்று நடந்தது. சங்க உறுப்பினர்களும் வேறு வழியில்லாமல் அங்கேயே போய் வரிசையில் நின்றார்கள்.

இந்நிலையில், புகையைப் பற்றி யாரோ மொட்டைக் கடுதாசி போட்டதால் சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். மேனேஜர் அவரை நேராக அடுப்படிக்கு அழைத்துப் போனார்.

“மூலகாரணம் இதுதான் சார்.”

“ஆமா சார், நாங்க தீர்மானமே போட்டிருக்கோம்” என்றார் திம்மப்பன்.

அதிகாரி அடுப்பைப் பார்த்தார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “இந்தப் புகையா அவ்வளவு உயரம் போகுது?”

“போண்டாப் புகை சார். எண்ணெய்ப் பசை. வழுக்கிக்கிட்டு மேல போயிடும்” என்று நான் விஞ்ஞானபூர்வமாக விளக்கினேன்.

ஃபகருன்னிசாவுக்கு முகம் சிவந்தது. “வானத்துல கீற புகையெல்லாம் என்துதானா? சரி, பாத்துக்குங்க!” என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

“வேண்டாம்மா! பேடா, பேடா!” என்று திம்மப்பன் பதற்றத்தில் கன்னடத்துக்குத் தாவினார். அதற்குள் குடம் கவிழ்ந்து, அடுப்பு சீறி அணைந்தது.

எல்லாரும் அண்ணாந்தோம். மேலே புகை முன்னைவிட ஜோராகக் கிளம்பியது.

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஒரு செயலாளரின் கடமை இத்தகைய தருணத்தில்தான் தெரியும்.

“இது நேத்துப் போட்ட போண்டா சார்” என்றேன்.

அதிகாரிக்குத் திருப்தி. அடுப்பை உடனே அகற்ற உத்தரவிட்டார்.

“நேத்து போண்டாவுக்கே இவ்ளோ புகைன்னா, அதத் தின்ன உங்க வயித்துல எவ்ளோ இருக்கும்!” என்று சொல்லிவிட்டு ஃபகருன்னிசா சட்டியோடு மத்தூர்ச் சந்தைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே இப்போது கடையே வைத்திருக்கிறாராம்.

எங்கள் சங்கத்துக்குத் தொழிற்சாலை கேடயம் கொடுத்தது. மத்திகிரியில் இன்று புகை என்பதே கிடையாது. வருகிறதே, அது நேற்றைய போண்டா. வருஷம் ஆறாகிறது, இன்னும் தீர்ந்தபாடில்லை.