சிவப்புப் புள்ளி மீது ஒரு புகார்

இனிமேல் எதையும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை என்று மீட்டர்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். எடுத்த கையோடு மனைவியிடம் அறிவிக்கவும் செய்தார்.

"நல்ல முடிவுங்க," என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடி. "எதை?"

"ஸ்கோப்பைத்தான்."

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவது அவர் வேலை. ஆறு நாள் மாடி ஏறி, முட்டி போட்டு, இருட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டு இடுப்பு கழன்றுவிடும். "யாரு, மீட்டரா? அப்படி ஓரமா வாங்க" என்பதற்கு மேல் அவரிடம் யாரும் பேசுவதில்லை. ஏழாவது நாள் துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போய்க் காற்றுத் துப்பாக்கியால் அட்டையைச் சுடுவார். அவரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள உலகத்தில் அந்த அட்டையை விட்டால் வேறு ஆளில்லை.

சேர்ந்த புதிதில் அவர் வாங்கியது இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப், துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கி. துப்பாக்கியைவிட அதுதான் நீளமோ என்று தோன்றும். அதில் அட்டையிலிருக்கும் ஈயின் முழங்கால்கூடத் தெரிந்தது. கூடவே தன் நெஞ்சு துடிப்பதும் தெரிந்தது. குறுக்குக்கோடு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு குதி குதிக்க, ஈ பிழைத்தது, அட்டையும் பிழைத்தது. இரண்டாவது, பன்னிரண்டு மடங்கு. உள்ளே ஏகப்பட்ட கோடுகள். எந்தக் கோட்டில் சுடுவது என்று தேர்ந்தெடுப்பதற்குள் நேரம் முடிந்து மணியடித்துவிடுவார்கள். மூன்றாவது, நாலே மடங்கு. அதோடு ஐந்து வருஷம் குடும்பம் நடத்தினார்.

"அனுபவம் ஏற ஏறப் பெருக்கம் இறங்கணும். கத்துக்குட்டிதான் கிட்டத்துல பார்க்க ஆசைப்படுவான். தேர்ந்தவனுக்கு ஒரு புள்ளி போதும்," என்றார் மனைவியிடம்.

"அதான் இந்த டப்பாவா?"

டப்பாவில் இருந்தது ரெட் டாட். சின்னக் கண்ணாடிச் சில்லு, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. பெரிதாக்கவே ஆக்காது. புள்ளியை இலக்கில் வைத்து விசையை இழுக்க வேண்டியதுதான்.

"சரிங்க. அந்த இருபத்துநாலை எனக்கே விட்டுடுங்க. பால்கனியிலேர்ந்து பார்த்தா முக்குல திரும்பற பஸ்ஸோட நம்பர் தெரியுது."

அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்தைப் படிக்கச் சொல்லி, நம்பர் எழுதிக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேர் அவள் போட்ட கண்ணாடியில்தான் உலகத்தைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் மூன்று வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தார். இத்தனைக்கும் மூன்றை எட்டு என்று எழுதியதால் ஒரே மாதத்தில் இரண்டு தடவை நாலாவது மாடிக்குத் திரும்ப ஏறியிருந்தார்.

அடத்துக்குக் காரணம் தையல்காரர். கழகத்தில் இவருக்குச் சரியான போட்டி அவர்தான். சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு நாள் எல்லோர் முன்னாலும் மீட்டர்காரர் வாயை விட்டுவிட்டார். "கண்ணாடி போட்டவர் ஊசியில நூல் கோக்கலாம். குறி பார்க்கலாமா? நான் நம்பர் கண்ணாடி போட்டா அன்னைக்கே துப்பாக்கியைக் கீழ வச்சிடறேன்!" சுடும்போது எல்லோரும் கட்டாயம் போடவேண்டிய பாதுகாப்புக் கண்ணாடியை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வெறும் தடுப்பு.

அடுத்த மாதம் போட்டி. ஜெயிப்பவர்தான் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சியாளர். ஆறு நாள் ஓரமாக வரச் சொல்லப்படும் மனிதரை ஏழாவது நாளாவது நாலு பேர் 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஏங்கிப்போயிருந்தார். வெளியில் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை கழகத்திலிருந்து வந்தவர் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஏமாத்திட்டான். புள்ளி வட்டமாவே இல்ல. நசுக்கின மூட்டைப்பூச்சி மாதிரி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கிடக்கு."

அவள் வாங்கிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குப் புள்ளி வட்டமாக, அழகாக, நெற்றியில் இட்ட பொட்டுபோல இருந்தது.

"அநியாயமா இருக்கே," என்றாள். "சும்மா விடக் கூடாதுங்க. கம்பெனிக்கு எழுதுங்க."

மூன்று வருஷத்தில் அவள் தன் கட்சிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மீட்டர்காரருக்குச் சோர்வு பாதி போய்விட்டது.

"எழுதறதுன்னா ஆதாரத்தோட எழுதணும். இந்தாங்க, பேப்பர். புள்ளி எப்படித் தெரியுதோ அப்படியே வரைங்க. வலது கண்ணுக்குத் தனியா, இடது கண்ணுக்குத் தனியா."

"எதுக்குத் தனித்தனியா?"

"ஒத்தக் கண்ணால பார்த்துட்டுச் சொல்றீங்கன்னு அவன் தட்டிக் கழிச்சிடுவான்ல?"

நியாயம்தான். வரைந்தார்.

"எந்தப் பக்கம் சாயுதுன்னு கோணமானி வச்சு அளந்து எழுதுங்க. இப்ப ரெட் டாட்டை மட்டும் பக்கவாட்டுல படுக்கவச்சுப் பாருங்க. புள்ளியோட இழுப்பும் கூடத் திரும்புதா?"

"இல்லியே! அப்படியேதான் சாஞ்சு நிக்குது."

"உங்க தலையைச் சாய்ச்சுப் பாருங்க."

சாய்த்தார். "இப்பக் கூடவே சாயுது! என்ன ஒரு திமிர் பாத்தியா அதுக்கு!"

"எழுதுங்க, எழுதுங்க. பழைய நாலு மடங்கு ஸ்கோப்புல பின்னாடி ஒரு வளையம் உண்டே, கோடு தெளிவாத் தெரியறதுக்குத் திருப்புவீங்களே, அதை எந்தக் குறியில வச்சிருந்தீங்க?"

"அது எதுக்கு?"

"வாடிக்கையாளர் அனுபவசாலின்னு தெரிய வேணாமா?"

அந்த ஒரு வார்த்தை போதும். முதல் வருஷம் வளையம் எங்கே இருந்தது, போன வருஷம் எங்கே வந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்று ஒன்று விடாமல் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார். கம்பெனி ஆள் தன் கடைத் தெருவுக்கு வருவார் என்று சொல்லி, கடிதத்தையும் டப்பாவையும் அவள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் அவள் இன்னொரு உபகாரமும் செய்தாள். அவருடைய பாதுகாப்புக் கண்ணாடி கீறலாகிவிட்டதென்று வேறு இரண்டு கொண்டுவந்தாள். துடைப்பதற்குப் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறதாம். ஒன்றை அதில் துடைத்து மாட்டிவிட்டாள். சுவர் நாள்காட்டியைப் பார்க்கச் சொன்னாள். கழற்றி இன்னொன்றை மாட்டினாள்.

"இப்ப நல்லாருக்கா, முன்ன நல்லாருந்துச்சா?"

"முன்ன."

"இப்ப?"

"இது இன்னும் நல்லாருக்கு. பலே மருந்தா இருக்கே!"

சனிக்கிழமை டப்பா திரும்பி வந்தது. ஆவலோடு பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். புள்ளி குன்றிமணியாக இருந்தது. "பார்த்தியா? ஒரே கடுதாசி! கம்பெனி நடுங்கிப்போயிட்டான்," என்றார். அவள் ஆமாம் போட்டாள்.

போட்டியில் அவர் சுட்ட இருபதில் பதினெட்டு நடுவட்டத்தில் விழுந்தன. தையல்காரர் பெருந்தன்மையாக வந்து கை கொடுத்தார். கொடுத்த கையை விடாமல் முகத்தையே உற்றுப் பார்த்தார். "கண்ணாடி எடுப்பா இருக்கே மாஸ்டர். உங்க வீட்டம்மா கடையா?"

"இது பாதுகாப்புக் கண்ணாடிய்யா," என்றார் மீட்டர்காரர். மாஸ்டர் என்ற சொல்லில் கண் கலங்கிவிட்டதால் வேறெதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அதன்பிறகு அந்தக் கண்ணாடி அவர் முகத்தை விட்டு இறங்கவில்லை. பழகிப்போச்சு என்றார். மீட்டர் பார்க்கும்போதும் போட்டுக்கொண்டார், தூசி என்றார். மூன்றும் எட்டும் தனித்தனிக் குடித்தனம் போய்விட்டன. பேப்பர் படிக்கும்போதும் போட்டிருந்தார்.

"பேப்பர் என்னங்க, சுடவா போகுது?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள். அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது வகுப்பன்று அவசரத்தில் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுப் போனார். கழகத்தில் பொதுவில் கிடந்த ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு ஆறு மாணவர்கள் முன்னால் நின்றார். "அனுபவம் ஏற ஏறப் பெருக்கம் இறங்கணும். தேர்ந்தவனுக்கு ஒரு புள்ளி போதும்," என்று சொல்லிவிட்டு ரெட் டாட்டுக்குள் பார்த்தார். பழைய மூட்டைப்பூச்சி பழைய பக்கமே சாய்ந்து கிடந்தது.

வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தார்.

"மறுபடியும் ஏமாத்திட்டான்! நாலு நாள் நல்லா இருந்துட்டு இழுத்துக்கிச்சு. இந்தத் தடவை கம்பெனியை ஒரு கை பார்க்கறேன். எடு பேப்பரை!"

அவள் மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் மூக்கில் மாட்டினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அவருடைய புகார்க் கடிதம். கண்ணாடி போட்டிருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. தலைப்பில் அவள் கடை முத்திரை. அவர் கையெழுத்துக்குக் கீழே, அவள் கையெழுத்தில், வலது கண் இவ்வளவு, இடது கண் இவ்வளவு என்று நம்பர்கள். கடைசி வரியில், அடுத்த பரிசோதனை ஒரு வருஷம் கழித்து.

மீட்டர்காரர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தையல்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"ஃப்ரேம் தேர்ந்தெடுத்ததே அவர்தாங்க," என்றாள் அவள், தாளை வாங்கி மடித்தபடி. "கவலைப்படாதீங்க. கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எழுதினாப் போதும்."