மாத்தாத அண்ணாச்சியும் பதினோரு மணிக்கு வந்த ராத்திரியும்

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தும் உப்பைக் கரைக்க மனம் வராத ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் மாத்தாத அண்ணாச்சிதான். மோரை ஒரு வாய் குடிப்பார், உப்பை விரல் நுனியில் தொட்டு நக்குவார். இரண்டையும் கலக்க விடமாட்டார். "கரைச்சிட்டா உப்பும் போச்சு, மோரும் போச்சு. திருப்பித் தர முடியுமா?" என்பார்.

உப்பளம் வைத்திருக்கும் ஒருவர் விடவில்லை. "காயவச்சா உப்பு வந்துட்டுப் போவுது அண்ணாச்சி."

"வரும். அதே உப்பா?"

உப்பளக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

பீச் ரோட்டுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் சாப்ட்வேர் கம்பெனி. நான் வரவு செலவு பார்க்கிறேன், அண்ணாச்சி புரோகிராம் எழுதுகிறார். ஐம்பது வயதுக்கு மேல் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற கிணற்றில் விழுந்தார், இன்னும் ஏறி வரவில்லை. அந்தக் கிணற்றின் சட்டம் இரண்டுதானாம். கையில் கொடுத்ததைத் திருத்தக்கூடாது, அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்து தரவேண்டும். கணக்குப் போடுகிறவன் கணக்கை மட்டும் போடவேண்டும், இடையில் கடிகாரத்தை எட்டிப் பார்ப்பதோ ஊருக்குச் செய்தி அனுப்புவதோ கூடாது. அந்த வேலைக்கு வாசலில் வேறு ஆள்.

புரோகிராமோடு நிறுத்தியிருந்தால் அவருக்குப் பட்டப்பெயர் வந்திருக்காது. டீயில் சீனி குறைந்தால் டீக்கடை மாஸ்டர் கரண்டியோடு வருவார். அண்ணாச்சி தம்ளரைக் கையால் மூடிக்கொள்வார்.

"தொடாதீரும்! இது இப்படியே இருக்கட்டும். இதே மாதிரி, சீனி மட்டும் கூடப்போட்டு, புதுசா ஒண்ணு போடும்."

"அப்ப பழசு?"

"பழசு பழசாவே இருக்கும்."

"ஏலே, அண்ணாச்சிக்கு இன்னொரு பெஞ்சு போடுல. டீ வரிசையா நிக்கப் போவுது!"

வீட்டுக்குப் போன் செய்தால் முதலில் சாதாரணமாகத்தான் கேட்பார்: "ஏளா, சோறு ஆயிட்டா?" அதற்கு ஒரு நாள் ஆச்சு என்றும் மறுநாள் ஆகவில்லை என்றும் பதில் வரும். ஒரே கேள்விக்கு இரண்டு பதிலா என்று மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. பிறகு கேள்வியைத் திருத்தினார். தவறு, புதிய கேள்வி ஒன்று செய்தார்.

"மணி ஒண்ணரை. அரிசி அப்பவே போட்டாச்சு. அடுப்பு நல்லா எரிஞ்சுது. இப்பச் சொல்லு, சோறு ஆயிட்டா?"

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா; அந்தக் குரல் எங்கள் மேசை வரை கேட்டது. "எல்லாத்தையும் நீரே சொல்லிட்டு என்கிட்ட எதுக்குக் கேக்கீரு?"

"அதாம்ளா வேணும்! பதிலுக்கு வேண்டியது பூரா கேள்விக்குள்ளயே இருக்கணும்!"

நாங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கே வந்து நின்றது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் வினிதா கடல் சம்பந்தமான படிப்பு படிக்கிறாள். கடலடிப் பாறைத் திட்டுகளான முத்துச்சிப்பிப் பார்களைப் பார்த்து ஆய்வு செய்ய, சக மாணவர்களோடு அடிக்கடி படகில் போவாள். அவள் குளிக்கப் போய்ப் பத்து நிமிடம் ஆனாலே கதவைத் தட்டுகிற தாய் நான். அவள் கல்லூரியே எங்கள் கம்பெனியிடம் ஒரு புரோகிராம் கேட்டது. யார் படகில் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று பார்த்து, மாலை ஆறு தாண்டியும் வராவிட்டால் பெற்றோருக்குச் செய்தி அனுப்பவேண்டும். அந்த நிம்மதியில் கோயிலில் விளக்குப் போட்டேன்.

எங்கள் மேனேஜர் அவசரக்காரர். "மணி பாக்கிறது, ஆளப் பாக்கிறது, மெசேஜ் அனுப்புறது எல்லாம் ஒரே ஃபங்ஷன். நாலு வரியில முடிஞ்சிரும் அண்ணாச்சி."

அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்துவிட்டார். "கணக்கப்பிள்ளையே கடியாரம் பாத்து, அவனே ஊருக்குத் தந்தியும் அடிப்பானா? நாளைக்கு அவன எப்படி வே சோதிச்சுப் பாப்பீரு? யாராவது கள்ள மணி காட்டினா நெசத் தந்தி போயிருமே!"

"யாரு அண்ணாச்சி கள்ள மணி காட்டப் போறா?"

மேனேஜரின் நாலு வரிதான் கல்லூரிக்குப் போனது. கள்ள மணியையும் அவரேதான் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை நான் விளாத்திகுளத்தில் ஒரு காதுகுத்துப் பந்தியில் இருந்தேன். சாம்பார் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. 'இரவு எட்டு மணி ஆகியும் உங்கள் மகள் சென்ற படகு கரை திரும்பவில்லை.'

அப்போது காலை பதினோரு மணி. பந்தலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. படித்தவள் நான். இருந்தும் அந்த வெயிலில் உட்கார்ந்து இரவு எட்டு மணியை நம்பினேன். இது பகலாச்சே என்ற ஒரு யோசனை கூடத் தலைக்குள் வரவில்லை. வினிதாவின் போன் எடுபடவில்லை, நடுக்கடலில் எடுபடாது. ஆபீஸ் போன் ஓயாமல் பிஸி. கழுவாத கையோடு அண்ணன் மகன் காரில் ஏறினேன். எட்டயபுரம் தாண்டியது, குறுக்குச்சாலை தாண்டியது எதுவும் நினைவில்லை. இன்றைக்கும் போன் அதிர்ந்தால் என் வலது கையில் சாம்பார் வாடை வருகிறது.

படகுத்துறையில் என்னைப் போலப் பல தாய்மார்கள். நடுவில் மேனேஜர், வேர்வையில் முழுக்க நனைந்த சட்டையோடு. நேரமாகிவிட்டால் என்ன நடக்கும் என்று கல்லூரிக்காரர்கள் கேட்டார்களாம். காட்டுகிறேன் என்று கம்ப்யூட்டர் கடிகாரத்தை எட்டுக்குத் திருப்பிவிட்டார்.

"டெஸ்ட்தாம்மா! சும்மா டெஸ்ட்!"

"ஒம்ம டெஸ்ட்டுல தீய வைக்க! எம் புள்ள எங்கன வே?"

அவர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அது இன்னும் மோசம். 'படகில்' என்று இருந்ததை அழித்து, எல்லாப் பெயருக்கும் நேரே 'திரும்பவில்லை' என்று புரோகிராமே எழுதி வைத்திருந்தது. ஒரு தாய் மயங்கி என் மேல் சாய்ந்தாள்.

அப்போதுதான் மாத்தாத அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்தார், கக்கத்தில் லேப்டாப். அதே வேலையை அவர் பாணியில், யாரும் கேட்காமலே எழுதி வைத்திருந்தார். காலையில் படகில் ஏறியவர்களின் விவரம் அதில் கைபடாமல் இருந்தது. கருவாடு காயும் மேடை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒரு மணி சொல்லுங்க."

"எட்டு," என்றேன். அந்த மணிக்குத் திரும்பாதவர்கள் என்று பெயர்கள் வந்தன. வினிதாவின் பெயரும் வந்தது. வாய்விட்டு அழுதுவிட்டேன்.

"பொறுங்க. யாருக்காவது மெசேஜ் வந்துச்சா?"

வரவில்லை.

"இப்ப உள்ள மணியச் சொல்லுங்க."

"ஒண்ணேகால்."

திரை வெறுமையாக இருந்தது. பெற்றோருக்குத் தகவல் சொல்லவேண்டிய பெயர் ஒன்றும் இல்லை.

"அப்ப எம் புள்ள பத்திரமா அண்ணாச்சி?"

அவர் பொய் சொல்லவில்லை. "அது இதுக்குத் தெரியாது தங்கச்சி. இதுல கடலே இல்ல. பயப்பட வேண்டிய நேரம் இன்னும் வரலைங்கிறது மட்டுந்தான் இதுக்குத் தெரியும்."

ஒவ்வொரு தாயும் வந்து மணி சொன்னாள். குறி கேட்பதுபோல் வரிசையில் நின்றோம். கேட்டவளே திரும்பவும் கேட்டாள், அவரும் சலிக்காமல் தட்டினார். அதே மணிக்கு அதே பதில்தான் வந்தது. நாங்கள் சிரித்த அந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பிடித்துக்கொண்டுதான் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது. ஆறிப்போனதை அண்ணாச்சி, புதுசா ஒண்ணு கேட்காமல் அப்படியே குடித்தார்.

வெயில் தாழ, படகு வந்தது. வினிதா குதித்து இறங்கினாள். "அம்மா, நீ விளாத்திகுளத்துல இல்லியா? கையில என்னம்மா சோறு?"

அவளைக் கட்டிக்கொண்டு, நன்றி சொல்லத் திரும்பினேன். அண்ணாச்சி லேப்டாப்பை மூடிவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி, கண்ணு செவந்திருக்கு?"

"கடக்காத்து தங்கச்சி."

காற்றே இல்லை. உப்பைக் கரைக்க மனம் வராத மனிதரின் கன்னத்தில் அது கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.