கக்கூஸ் அக்கா காட்டிய மார்புர்க்

ஐரோப்பாவைக் கோட்டை கோட்டையாகப் பார்த்தவர்கள் உண்டு. தேவாலயம் தேவாலயமாகப் பார்த்தவர்களும் உண்டு. கழிப்பறை கழிப்பறையாகப் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் கக்கூஸ் அக்கா என்போம். முகத்துக்கு நேரே வெறும் அக்கா.

இரண்டாயிரங்களின் நடுவில் பிராங்பேர்ட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அங்கே வைத்த கால் ஜெர்மனிவரை வந்ததில் எனக்குக் கர்வம் உண்டு; அதை மறைக்கிற வழக்கம் இல்லை. அக்கா எனக்குக் கீழ்வீடு, யாழ்ப்பாணத்துக்காரர். வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிறு வந்தால், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அம்மாக்களைத் திரட்டி ஏதாவது ஒரு சின்ன ஊருக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போவார். வாரக்கடைசிச் சீட்டு ஒன்றில் ஐந்து பேர் போகலாம். ஐவர் சேராவிட்டால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அவருடைய சட்டங்கள் கடுமையானவை. கல் பதித்த தெருவில் செருப்பு ஆகாது. பட்டுச்சேலைக்குக் கீழேயும் சப்பாத்துத்தான். ஞாயிறன்று கடைகள் பூட்டியிருக்கும், ஆகவே ஆளுக்கு ஒரு இடியப்பப் பொதி. காலைப் பூசை முடியும்வரை தேவாலயத்துக்குள் வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது. சாப்பாட்டுக் கடையில் வெறுமனே தண்ணீர் கேட்டால் சோடா வரும். காஸ் வேண்டாம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சில்லறை நிறைந்த ஒரு சுருக்குப்பை அவர் இடுப்பில் கிலுகிலுக்கும். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.

சரித்திரம் மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது. எல்லாக் கோட்டையையும் ஒரு ராசா கட்டினான், இன்னொரு ராசா இடித்தான், அவ்வளவுதான். கூட வந்த என் அலுவலகப் பையன் ஒருவன் வாய் சும்மா இருக்காமல், இந்தத் தேவாலயம் எந்த ஆண்டு கட்டியது என்று கேட்டுவிட்டான்.

"ஆண்டு தெரியாது தம்பி. பின்பக்கம் ரெண்டு கதவு இருக்கு, நல்ல துப்பரவு."

ஒருமுறை நாலு அம்மாக்களை வரிசையாக நிறுத்தி, ஒரு காப்பிக் கடைக்குள் படை நடத்திப் போனார். ஒரே ஒரு காப்பி கேட்டார். அதை ஆற்றி ஆற்றி, கடைசி அம்மா கழிப்பறைக் கதவைத் திறந்து வெளியே வரும்வரை குடித்தார். பரிமாறுகிறவர் முறைத்ததற்கு, காப்பி அருமை என்று ஜெர்மனில் புகழ்ந்துவிட்டு எழுந்தார்.

அந்த வருடம் என் அம்மா வந்தாள். திருவண்ணாமலைப் பக்கம் களையெடுத்து என்னைப் படிக்கவைத்தவள். அவளுக்கு நானே ஊர் காட்டுவேன், யார் தயவும் வேண்டாம் என்று ரைன் ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். மத்தியானத்துக்குள் தலைவலி என்று பெஞ்சில் படுத்துவிட்டாள். அடுத்த வாரமும் அப்படியே. அதோடு விமானச் சீட்டை முன்னால் மாற்றச் சொன்னாள். "ஊரு நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் ஒத்துக்கல. அனுப்பிடு கண்ணு."

எனக்கு உலகமே இருண்டது. மறுபடி அவள் எப்போது வருவாள்? கடைசி முயற்சியாக, மார்புர்க் போகிற அக்காவின் படையில் எங்களையும் சேர்த்தேன்.

பிளாட்பாரத்தில் அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது.

"அம்மா, காலமை தொடக்கம் ஒரு மிடறு தண்ணியும் குடிக்கேல்லைப் போல?"

அம்மா தலையைக் குனிந்தாள். "வெளிய கெளம்புனா குடிக்க மாட்டேங்க. வழியில எங்க போறது?"

வயலுக்குப் போனாலும், திருப்பதிக்குப் போனாலும், எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான். ஜெர்மனிக்கும் அப்படியே வந்திருக்கிறாள்.

"அதை என்னட்டை விடுங்கோ. இண்டைக்கு நீங்கள் குடிக்கிறியள்."

மார்புர்க்கில் இறங்கியதும் அக்கா வழக்கம்போல் கையை நீட்டி நீட்டிக் காட்டினார்: நிலையத்தில் ஒன்று, மலைமேல் இருக்கும் பழைய ஊருக்கு ஏறும் லிஃப்டைத் தாண்டினால் காப்பிக் கடையில் ஒன்று, கோட்டையில் ஒன்று. அந்தக் காப்பிக் கடையில் ஒற்றை எழுத்து மட்டும் போட்ட இரண்டு கழிப்பறைக் கதவுகளுக்கு முன்னால் அம்மா மிரண்டு நின்றாள். அவளுக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அங்கிருந்தபடியே சொன்னார்:

"வயித்தைத் தள்ளிக்கொண்டு நிக்கிற எழுத்து எங்கட. ஏணி மாதிரி நிக்கிறது ஆம்பிளையளின்ர."

ஜெர்மனில் பெண்களுக்கு டி, ஆண்களுக்கு எச். அம்மா இரண்டையும் உற்றுப் பார்த்தாள். வயிறு தள்ளிய டி எழுத்துக் கதவைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வந்தவளின் நடையே வேறு.

கோட்டை முற்றத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தாள். கீழே ஓட்டுக் கூரைகளையும் ஆற்றையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, வீட்டில் நான் சொல்லிக் கேட்ட பெயரை, அது பட்டப்பெயர் என்றே தெரியாமல், வாய் நிறையச் சொன்னாள்.

"கக்கூஸ் அக்கா, அடுத்த ஞாயித்துக்கெழம எந்த ஊருங்க?"

நான் கோட்டையிலிருந்து குதிக்கலாமா என்று யோசித்தேன். அக்கா அசரவில்லை. "வடிவான பேர். ஆர் வச்சது?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு இடியப்பப் பொதியை அம்மாவிடம் நீட்டினார்.

விமானச் சீட்டை மாற்றவில்லை. அதன்பின் எல்லா ஞாயிறும் அம்மா அக்காவோடுதான் போனாள். ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் எனக்கு இடமில்லை.

இன்றும் புதிய ஊரில் ரயிலைவிட்டு இறங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் நடக்கத் தொடங்குகிறேன். அக்காவுக்கு நான் வைக்கும் வணக்கம் அது.