உறுப்பினர் அறிமுகம்: பக்கிரிசாமி

"அறுபத்து மூணு பேரு இருக்கிற குரூப்பாம்மா இது? சுடுகாட்டுல கூட காத்தடிக்கிற சத்தமாச்சும் கேக்கும்லா!"

தலைவர் தர்மலிங்கம் குரலை உயர்த்திப் பேசுகிறவர் அல்ல. தொலைபேசியில் மெதுவாகத்தான் சொன்னார். அதனாலேயே நளினிக்கு அதிகமாக உறைத்தது.

"நானும் தினமும் ஏதாச்சும் போட்டுக்கிட்டுதான் இருக்கேன் ஐயா."

"நீ மட்டுந்தானே போடுறே? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்பவும் யாரும் வாயத் தொறக்கலன்னா மூடிருவோம். பேசாத குரூப்பு எதுக்கு?"

'மூணாங்கட்டைக் குடும்பம்' என்ற அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் ஒன்றாக வாழ்ந்த மூணாங்கட்டைத் தோட்டத்தை அழித்து வீடமைப்புப் பகுதி ஆக்கிய பிறகு திகாம் பத்து, செமிலிங், தஞ்சோங் டாவாய் என்று பக்கத்து ஊர்களுக்குப் பிரிந்துபோனவர்களை ஒன்றுகூடலுக்காகச் சேர்க்கும் ஏற்பாடு; அதற்குத் தலைவர்தான் தர்மலிங்கம். தட்டச்சு வேகமாக வரும் என்பதற்காக நளினியை அட்மினாகப் போட்டார்கள்.

நளினி பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தியவள். திகாம் பத்துவில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு ரவிக்கை தைக்கிறாள். நாலு பேர் கூடி வந்துவிட்டால் அளவு நாடாவைப் பல்லில் கவ்விக்கொள்வாள், பேச வேண்டியிருக்காது. ஆனால் கட்டை விரலால் அவளுக்கு நன்றாகப் பேச வரும். முப்பது வயதில் முதன்முதலாக அவளை நம்பி ஒருவர் ஒப்படைத்த வேலை அந்தக் குழு. அதையும் மூடிவிட்டால் மிச்சம் இருப்பது ரவிக்கைதான்.

அவள் முயலாமல் இல்லை. 'இன்று உங்கள் வீட்டில் என்ன சமையல்?' என்று கேட்டுப் பார்த்தாள். தலைவரிடமிருந்து மட்டும் பதில் வந்தது: 'தேவையற்ற பதிவுகளைத் தவிர்க்கவும்.' புதிர்ப்போட்டி வைத்தாள். பதினொரு பேர் விடை அனுப்பினார்கள், பதினொரு பேரும் அவளுடைய சொந்த எண்ணுக்கு.

"ஏன் குரூப்புல போடலை?" என்று ஒருத்தியைக் கேட்டதற்கு, "தப்பா இருந்தா அம்புட்டு பேரும் பாப்பாங்களே" என்றாள் அவள்.

அண்ணி தேவகி மீனைக் கழுவிக்கொண்டே யோசனை சொன்னாள்.

"கேள்வி கேட்டா எவன் பதில் சொல்லுவான்? ஸ்கூலா இது? ஆளைப் பத்திப் போடு. வாரம் ஒருத்தரு. ஃபோட்டோ போட்டு, நாலு வரி நல்லதா எழுது. தெரிஞ்ச மூஞ்சியப் பாத்தா பேசாம இருக்க முடியுமா?"

"முதல்ல யாரைப் போடலாம் அண்ணி?"

"பக்கிரிசாமி மாமாவைப் போடு. தோட்டத்து லோரி ஓட்டுனவரு. அவரு லோரியில ஏறாதவங்க யாரு இருக்கா?"

செமிலிங்கில் இருக்கும் பக்கிரிசாமியின் மனைவி மருதம்மாளிடம் நளினி படம் கேட்டாள். கோயிலில் எழுபதாவது பிறந்தநாளுக்கு மரியாதை செய்தபோது எடுத்த படம் வந்தது. கழுத்தில் ரோஜா மாலை, நெற்றி நிறைய திருநீறு, எங்கோ தூரத்தைப் பார்க்கும் சாந்தமான முகம். நளினிக்குப் பிடித்துவிட்டது. சுற்றிலும் மல்லிகைப்பூ வரைந்த ஓரம் வைத்தாள். கீழே பெயர், பிறந்த ஆண்டு. அதற்கும் கீழே, 'மறக்க முடியாத மனிதர். கேட்டவர்க்கெல்லாம் உதவியவர். இவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதுங்கள்' என்று போட்டு, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பினாள்.

இரண்டே நிமிடத்தில் கைப்பேசி சிணுங்கியது. செமிலிங்கில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், விற்கும் ஜோசபின் அக்கா. ஆறு மாதத்தில் அவள் குழுவில் எழுதிய முதல் பதிவு.

'ஆர்.ஐ.பி.'

நளினி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள் அடுத்தது வந்தது. 'ஆழ்ந்த இரங்கல்.' பிறகு 'ஓம் சாந்தி.' பிறகு கூப்பிய கைகள், கண்ணீர் முகங்கள், அணைந்த விளக்கு, ஒரு புறா.

"அண்ணீ! இங்க வாங்களேன்!"

தேவகி வந்து படத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். மல்லிகை ஓரத்தைப் பார்த்தாள்.

"அலாமா! எப்படி இறந்தாரு?"

"நீங்களுமா அண்ணி? நேத்து ராத்திரி நீங்கதானே அவரைப் போடச் சொன்னீங்க!"

"ஆமால்ல" என்றாள் தேவகி. "ஆனா பாத்த ஒடனே எனக்கே மனசு பக்குனு ஆயிருச்சு."

அதற்குள் நாற்பத்தொரு பதிவுகள். ஆறு மாதமாக ஊமையாக இருந்த குழு. நளினியின் மனதுக்குள் ஒரு மூலை, வெட்கமில்லாமல், சந்தோஷப்பட்டது. மீதி மூலைகள் எல்லாம் நடுங்கின. அவள் அவசரமாக எழுதினாள்: 'யாரும் தவறாக நினைக்க வேண்டாம். பக்கிரிசாமி மாமா நலமாக இருக்கிறார்.'

தஞ்சோங் டாவாயிலிருந்து ரவிச்சந்திரன் உடனே பதில் போட்டான்: 'உண்மைதான் அக்கா. அவர் இறைவனடியில் நலமாகவே இருப்பார்.'

அதற்குப் பதினெட்டு பேர் கைகூப்பினார்கள்.

நளினி படத்தையே அழித்தாள். அது இன்னும் மோசம்.

'ஏன் அழித்துவிட்டீர்கள்? குடும்பத்தில் ஏதும் பிரச்சினையா?'

'பிள்ளைகளுக்குள் சண்டையாம். கேள்விப்பட்டேன்.'

'எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?'

"ஒருத்தராச்சும் அவரு வீட்டுக்குப் போன் போட்டுக் கேக்கக் கூடாதா?" என்று நளினி அழாத குறையாகச் சொன்னாள்.

"எழவு வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பாங்களா? நேர்ல போறதுதான் மரியாதை" என்றாள் தேவகி. "நீயே போட்டு அந்த மனுஷனைப் பேசச் சொல்லு. அவரு குரலைக் கேட்டாத்தான் நம்புவாங்க."

சரியான வழியாகத்தான் தெரிந்தது. பக்கிரிசாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோபப்படாமல், "அப்படியா? யார் யாரு போட்டிருக்காங்க?" என்று மட்டும் விசாரித்தார். பிறகு மருதம்மாள் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். குரல் பதிவு குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

"வணக்கம். நான் பக்கிரிசாமி பேசுறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. யாரும் என்னை நெனச்சு அழாதீங்க. எல்லாரும் ஒத்துமையா, சந்தோஷமா இருங்க."

குழு ஒரு நிமிடம் அமைதியானது. நளினி மூச்சை விட்டாள்.

பிறகு பதிவுகள் வெள்ளம் போல வந்தன. 'என்ன மனுஷன்! போவதற்கு முன்பே நமக்காகப் பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.' 'குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.' 'இதை எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்.'

அதோடு நிற்கவில்லை. வெள்ளம் வந்த வருடம் பிரசவ வலியோடு இருந்த தன் அம்மாவை லோரியில் ஏற்றி, தண்ணீருக்குள் ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தது பக்கிரிசாமிதான் என்று ரவிச்சந்திரன் நீளமாக எழுதினான். 'அன்று பிறந்தவன் நான்.' லோரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போய் அடி வாங்கியதை ஒருவர் எழுதினார். அடித்தது பக்கிரிசாமி இல்லை, அவருடைய கிளீனர் என்று இன்னொருவர் திருத்தினார். அதற்கு ஒரு சண்டை, ஒரு சமாதானம்.

மதியம் தலைவரே கூப்பிட்டார்.

"நளினி..."

"ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. மாமா இன்னும்..."

"தெரியும்மா. இன்னும் நம்ம மனசுல இருக்காரு. அழாத. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாரும் வெள்ளையில செமிலிங் வரச் சொல்லி நானே போட்டுட்டேன்."

"இல்ல ஐயா, அவரு..."

"வைக்கிறேம்மா. என்னால பேச முடியல."

நளினி மறுபடி பக்கிரிசாமியைக் கூப்பிட்டாள். "மாமா, வீடியோவுல வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க மாமா. ஒங்க கால்ல விழுறேன்."

அந்தப் பக்கம் அவர் தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அந்த ரவிப் பய எழுதினதை மருதம்மா ரெண்டு தடவை படிச்சுக் காட்டினா" என்றார் பக்கிரிசாமி. "பாசார்ல மீன் வாங்குறப்போ பாத்தா 'ஆ மாமா'னு சொல்லிட்டு மோட்டர் சைக்கிள முறுக்கிக்கிட்டுப் போயிருவான். ஒரு நாளும் இதைச் சொன்னதில்ல. நாளைக்கு வரட்டுமே. வந்து பாத்துக்கட்டும். அதுவரைக்கும் விடேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நளினியும் தேவகியும் செமிலிங் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் முப்பது பேருக்கு மேல் வெள்ளை உடுத்தி நின்றார்கள். யாருக்கும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போர்ச்சில் நாற்காலி போட்டு, புதுக் கைலி கட்டி, பக்கிரிசாமி உட்கார்ந்திருந்தார். ரவிச்சந்திரன் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்யாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தான். மருதம்மாள் ஒவ்வொருவருக்கும் தேநீர் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லவும் ஆள் இல்லை.

தலைவர் தர்மலிங்கத்தின் காடி வந்து நின்றது. பெரிய மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நேராகப் போர்ச்சுவரை வந்தவர், கைலியைப் பார்த்து, மெல்ல நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"பக்கிரி... நீ..."

"இருக்கேன் தலைவரே. காடிய நெழல்ல விடுங்க, வெயில் ஏறுது."

தர்மலிங்கம் மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். கடைசியில் தேவகியிடம் கொடுத்தார். பிறகு நளினியிடம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள்.

அளவு நாடா கையில் இல்லை. நளினி பேசினாள்.

"என் தப்புதான். அறிமுகம்னு மேல எழுதாம விட்டுட்டேன். மாலை போட்ட படத்தைப் போட்டு, பூவெல்லாம் வச்சு, எல்லாரும் தப்பா நெனைக்கிற மாதிரி பண்ணிட்டேன். யாராச்சும் பேசணும்னுதான் செஞ்சேன். மன்னிச்சிருங்க. குரூப்பை நீங்களே எடுத்துக்குங்க ஐயா."

அவ்வளவு நீளமாக அவள் வாயால் பேசி யாரும் கேட்டதில்லை. பக்கிரிசாமி ஏதோ சொல்லப் போனார். தலைவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீ போட்ட படத்தை நானும் பாத்தேன்மா. மொதல்ல எனக்கு ஒண்ணும் தோணல. கீழ ஆர்.ஐ.பி. இருந்துச்சு, அதப் பாத்துத்தான் அழுதேன்" என்றார். "அதை மொதல்ல போட்டது யாரு?"

முப்பது தலைகளும் வேலியோரம் பார்த்தன. அங்கே ஜோசபின் அக்கா தேநீர்க் குவளையோடு நின்றிருந்தாள். நளினிக்கு அவள்மீது பரிதாபமாக இருந்தது.

"அக்கா மேல குத்தம் இல்லீங்க ஐயா. அவங்களும் இறந்துட்டாருன்னு நெனச்சுத்தான்..."

"நான் எங்க அப்படி நெனச்சேன்? பொட்டலம் கட்டச் சொல்லிட்டு அந்த நேரம் மாமா என் கடையிலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. ஆறு மாசமா நீ ஒத்தையில பேசிக்கிட்டிருந்தது பாவமா இருந்துச்சு, ஒரு வார்த்தையாச்சும் எழுதுங்கன்னு கேட்டே, எனக்கு அடிக்கத் தெரிஞ்சது அந்த மூணு எழுத்துதான்லா."